‘ப்ரூஃப்’ என்றால் எந்த ‘ப்ரூஃப்’? ஜெர்மன் லேபிள் எழுத உதவும் இணைய அகராதிகள்

திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், கரூரில் மேசைவிரிப்பும் கிச்சன் டவலும் அனுப்புகிறவர், கோவையில் பம்ப் கேட்டலாக் எழுதுகிறவர், பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவைக் கட்டியாக அழுத்திக் கப்பல் ஏற்றுகிறவர். நாலு பேருக்கும் ஜெர்மன் மொழியில் கால் இடறுகிற இடம் ஒன்றுதான். ஹார்டு-வேரிங், கலர்-ஃபாஸ்ட், நான்-ஸ்லிப், செல்ஃப்-ப்ரைமிங், பீட்-ஃப்ரீ (பீட் என்ற சதுப்புநில மக்குமண் இல்லாத) என்று ஆங்கிலத்தில் சின்னக் கோடு போட்டு ஒட்டிய பெயரடைகள். பருத்திக்கு ஜெர்மனில் என்ன என்று கேட்டால் எந்த அகராதியும் பாவ்ம்வொல்லெ என்று சரியாகச் சொல்லிவிடும். ஒட்டுப் பெயரடையைக் கேட்டால் முதல் வரியில் வந்து நிற்பது பல நேரம் வேறொரு பொருளுக்கு உரிய சொல்லாக இருக்கும்.

அந்த ஒரு வேலைக்காக மட்டும் ஐந்து சேவைகளை இங்கே எடை போடுகிறோம்: லியோ, டிக்ட்.சிசி, லிங்குயி என்ற ஆங்கில-ஜெர்மன் அகராதிகள், டீப்எல் என்ற தானியங்கி மொழிபெயர்ப்பு, டி.டபிள்யூ.டி.எஸ் என்ற ஜெர்மன்-ஜெர்மன் அகராதி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொல்லைத் தேட லியோ, அது புழங்குகிறதா என்று பார்க்க லிங்குயி, கையெழுத்துப் போடும் முன் டி.டபிள்யூ.டி.எஸ். டிக்ட்.சிசி துணைக்கு. டீப்எல் முழுப் பத்திக்கு நல்லது. ஒற்றைச் சொல்லுக்கு வேண்டாங்க. இங்கே ஜெர்மன் சொற்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். லேபிளில் போகும் எழுத்துக்கூட்டலை அகராதியிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டச்ச வேண்டாம். உயிரெழுத்தின் தலைமேல் இருக்கும் இரண்டு புள்ளி விழுந்துவிட்டால் அது வேறு சொல்லாகிவிடலாம்.

சேவைகளுக்குள் போகும் முன் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம் கொஞ்சம் வேண்டும். பொற்குடம், தயிர்க்குடம் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். விரித்தால் ஒன்று பொன்னால் செய்த குடம், இன்னொன்று தயிரை உடைய குடம். ஆங்கில ஒட்டுப் பெயரடையும் இதே மாதிரித் தொகைதான். உருபும் பயனும் உள்ளே ஒளிந்திருக்கும். வாட்டர்-ரெசிஸ்டன்ட் என்பதை விரித்துப் பாருங்கள். நீர் புகவே புகாததா, நீரை உதறித் தள்ளுவதா, நீர் பட்டாலும் கெடாததா? தமிழில் விரிக்காமல் அகராதியைத் திறந்தால் மூன்றில் எது கண்ணில் படுகிறதோ அதுவே லேபிளில் ஏறும். ஜெர்மனில் மூன்றுக்கும் தனிச்சொல் உண்டு: வாஸர்டிஹ்ட், வாஸர்-அப்வைஸென்ட், வாஸர்ஃபெஸ்ட். கூடாரமோ மழைக்கோட்டோ வாஸர்டிஹ்ட் என்று விற்கப்பட்டால், ஜெர்மன் வாடிக்கையாளர் அடுத்துத் தேடுவது எத்தனை மில்லிமீட்டர் நீர்ப்பத்தி அழுத்தம் தாங்கும் என்ற எண்ணை. மேலே ஒரு ஃபினிஷ் மட்டும் கொடுத்த துணிக்கு வாஸர்-அப்வைஸென்ட் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாட்டர்-ப்ரூஃப் போன்ற சொற்களில் வரும் ப்ரூஃப் என்ற ஆங்கில வால்தான் மோசமான சிக்கல். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வாலை மாட்டும். ஜெர்மன் எதிலிருந்து காக்கிறது என்பதைப் பார்த்து வாலை மாற்றும். நீரும் சத்தமும் உள்ளே வரக்கூடாது என்றால் டிஹ்ட்: வாஸர்டிஹ்ட், ஷால்டிஹ்ட். சூட்டைத் தாங்க வேண்டும் என்றால் ஃபெஸ்ட்: நெருப்புக்கு ஃபாயர்ஃபெஸ்ட், ஓவனில் வைக்கும் பாத்திரத்துக்கு ஓஃபென்ஃபெஸ்ட். குழந்தை திறந்துவிடக் கூடாத மூடிக்கு ஸிஹர்: கிண்டர்ஸிஹர். சாயமோ நிறமோ போகக்கூடாது என்றால் எஹ்ட். உதட்டுச்சாயம் முத்தத்துக்கும் அழியாது என்பதைக்கூட குஸ்எஹ்ட் என்று இதே வாலால்தான் சொல்கிறார்கள்.

இந்த எஹ்ட் குடும்பம் திருப்பூருக்கு ரொம்ப வேண்டப்பட்டது. கலர்-ஃபாஸ்ட் என்பதற்கு அகராதிகள் தருவது ஃபார்ப்எஹ்ட். சரியான சொல்தான், ஆனால் பொதுச்சொல். சோதனைக்கூடத்தில் நடக்கும் சோதனையோ தனித்தனி. துவைப்புக்கு ஐஎஸ்ஓ 105-சி06, உரசலுக்கு எக்ஸ்12, வியர்வைக்கு ஈ04, வெளிச்சத்துக்கு பி02. ஜெர்மனிலும் அதே பிரிப்பு இருக்கிறது: வாஷ்எஹ்ட், ரைப்எஹ்ட், ஷ்வைஸ்எஹ்ட், லிஹ்ட்எஹ்ட். முதல் மூன்றுக்கும் கிரே ஸ்கேல் என்ற சாம்பல்நிற ஒப்பீட்டு அட்டையில் 1 முதல் 5 வரை மதிப்பெண். வெளிச்சத்துக்கு மட்டும் ப்ளூ வுல் என்ற நீலக் கம்பளித்துணி அளவில் 1 முதல் 8 வரை. சாயப்பட்டறை ரிப்போர்ட்டில் துவைப்பு 4-5 என்றும் ஈர உரசல் 2-3 என்றும் இருக்கிற கறுப்பு டி-ஷர்ட்டை ஃபார்ப்எஹ்ட் என்று எழுதினால் உரசலுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்ததாகிவிடும். வாஷ்எஹ்ட் என்றால் உண்மை, வம்பும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. வாஷ்எஹ்ட் என்பதற்கு ‘அசல்’ என்ற பொருளும் உண்டு. பெர்லினிலேயே பிறந்து வளர்ந்த ஆளை வாஷ்எஹ்ட்டர் பெர்லினர் என்பார்கள், நம்மூரில் ‘அக்மார்க்’ கோயமுத்தூர்க்காரர் என்கிற மாதிரி. அதனால் லிங்குயியில் இந்தச் சொல்லைத் தேடினால் அரசியல்வாதிகளும் பாட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். துணியைப் பற்றிய வாக்கியம் வரும்வரை கீழே இறங்க வேண்டும்.

இனி சேவைகள்.

லியோ மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முளைத்தது. இந்த வேலைக்கு அதன் பலம் தேடல் முடிவுகளைச் சொல்வகைப்படி பிரித்துக் காட்டுவது. பெயரடைகள் ஒரு கட்டத்தில், பெயர்ச்சொற்கள் இன்னொரு கட்டத்தில். எல்லோரும் பெயரடைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே இருக்கும் பெயர்ச்சொல் கட்டத்தில்தான் பல நேரம் சரியான விடை இருக்கிறது. ஆங்கிலம் பெயரடை போடும் இடத்தில் ஜெர்மன் இரண்டு பெயரை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும். லாங்-ஸ்லீவ்டு ஷர்ட்டுக்கு லாங்எர்மெலிஹ் என்ற பெயரடை உண்டு, தப்பில்லை. ஆனால் கடைப் பட்டியலில் நிற்பது லாங்ஆர்ம்ஹெம்ட் என்ற ஒற்றைச்சொல். த்ரீ-ஃபேஸ் மோட்டாரைப் பெயரடை வைத்து ட்ரைஃபாஸிஹ் என்று எழுதலாம், ஆனால் பம்ப் கேட்டலாக்கில் ஜெர்மன் பொறியாளர் எதிர்பார்ப்பது ட்ரேஷ்ட்ரோம்மோட்டார். ஹை-ப்ரெஷர் பம்ப்புக்கும் அப்படியே: ஹோஹ்ட்ருக்பும்பெ. செல்ஃப்-ப்ரைமிங் மட்டும் பெயரடையாகவே நிற்கும்: ஸெல்ப்ஸ்ட்-அன்ஸாவ்கென்ட், அதாவது ‘தானே உறிஞ்சிக்கொள்கிற’.

லியோவில் சொல்லுக்குப் பக்கத்தில் துறைக்குறி இருக்கும். துணி, தொழில்நுட்பம், சட்டம் என்று. அதைப் பார்க்காமல் எடுப்பது விலைச்சீட்டைப் பார்க்காமல் பில் போடுகிற மாதிரி. டூ-ப்ளை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பருக்கு அது ட்ஸ்வைலாகிஹ், அதாவது இரண்டு அடுக்கு. நூலுக்கு அடுக்குக் கணக்கு கிடையாது, முறுக்குக் கணக்குத்தான். அங்கே ட்ஸ்வைஃபாஹ் கெட்ஸ்விர்ன்ட், இரட்டை முறுக்கு. இரட்டை முறுக்கு நூலில் நெய்த நல்ல டவலை ட்ஸ்வைலாகிஹ் என்று எழுதினால், இரண்டு துணியை அடுக்கித் தைத்தது என்று பையர் நினைப்பார். லியோவின் குறை, வாக்கிய உதாரணம் குறைவு. சொற்பட்டியலுக்குக் கீழே வரும் பயனர் விவாதங்கள் அதை ஓரளவு ஈடுகட்டும். சந்தேகமான தொழிற்சொல்லுக்கு அங்கே ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர்களே சண்டை போட்டிருப்பார்கள்; படிக்கச் சுவையாகவும் இருக்கும்.

டிக்ட்.சிசி வியன்னாவிலிருந்து 2002 முதல் நடக்கிறது. பயனர்கள் சேர்த்து, மற்றப் பயனர்கள் சரிபார்க்கும் அகராதி. ஆங்கிலத்தில் அருகிப்போன ஒட்டுச்சொல்கூட அகப்படும். செயலியில் சொற்பட்டியலை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். குடோனுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் பேக்கிங் லிஸ்ட் சரிபார்க்கிறவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எட்டுப் பத்து ஜெர்மன் சொற்களை வரிசையாகக் கொட்டிவிடும். அவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லாது. தெரிந்தவருக்கு நினைவூட்டும் அகராதி இது. தெரியாதவருக்கு வழிகாட்டாது.

இரண்டு அகராதியிலும் தேடும்போது ஆங்கிலச் சொல்லை மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்: கோடு போட்டு, இடைவெளி விட்டு, சேர்த்து. கலர்-ஃபாஸ்ட்டில் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு சேர்ந்துகொள்ளும். ஒரு வடிவத்தில் ஒன்றும் வரவில்லை என்பதால் சொல்லே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

லிங்குயி 2009இல் வந்தது, ஜெர்மனியின் கொலோன் நகரத்துச் சேவை. மேலே அகராதி, கீழே இரண்டு பத்தியாக உண்மையான ஆவணங்களிலிருந்து வாக்கியங்கள். பயன்பாட்டு உதாரணம் வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் கீழ்ப்பாதி, சரிபார்க்கப்படாத வெளி ஆதாரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று இருக்கும். அதைப் படிப்பதுதான் வேலையின் பாதி. ஐரோப்பிய ஒன்றிய ஆவணம், ஜெர்மன் அல்லது ஆஸ்திரிய நிறுவனத்தின் சொந்தத் தளம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஆசிய ஏற்றுமதியாளர் ஒருவரின் ஜெர்மன் பக்கம் என்றால் அவரும் நம்மைப் போல மொழிபெயர்த்தவர்தான். அவருடைய தப்பை நாம் நகலெடுப்பதில் பிரயோசனம் இல்லை.

லிங்குயியின் வாக்கியங்களைப் பார்த்தால் அகராதி சொல்லாத ஒன்று புரியும்: ஒட்டுப் பெயரடையை ஜெர்மன் சில இடத்தில் தூக்கியே போட்டுவிடும். மெஷின்-வாஷபிள் ஏப்ரனுக்கு மஷீனென்வாஷ்பார் என்ற சொல் இருக்கிறது. கடை விவரங்களில் சாதாரணமாக நிற்பதோ ‘60 டிகிரியில் துவைக்கலாம்’ என்ற தொடர்: பை ஸெஹ்ட்ஸிஹ் க்ராட் வாஷ்பார். மெஷின் என்பதைச் சொல்லத் தேவையே இல்லை; டிகிரி சொன்னாலே மெஷின்தான். ஆர்கானிக்கலி-க்ரோன் பருத்திக்கு நேர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இயற்கைச் சாகுபடியிலிருந்து’ என்ற நீண்ட தொடரின் சுருக்கமாக கா-பே-ஆ என்ற மூன்றெழுத்துத்தான் வழக்கம். காட்ஸ் என்ற இயற்கைச் சாகுபடித் துணிச் சான்றிதழ் வைத்திருக்கும் கம்பெனிகள் பையர் அனுப்பும் லேபிளில் பார்த்திருப்பார்கள், அதன் விரிவு தெரியாமலேயே.

டீப்எல் 2017இல் லிங்குயியிலிருந்தே கிளைத்தது. ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஹேண்ட்-பிக்டு என்று மட்டும் கொடுத்தால் ஹாண்ட்ஃபெர்லேஸன் வரலாம். அது பொறுக்கி எடுத்த ஒயினுக்கும் விருந்தினர் பட்டியலுக்கும் பொருந்தும். கையால் பறித்த பருத்திக்கு ஹாண்ட்கெப்ஃப்ளுக்ட். எனவே பெயர்ச்சொல்லோடு முழு வாக்கியமாகக் கொடுங்கள். வந்த மொழிபெயர்ப்பில் சொல்லைத் தொட்டால் மாற்றுச்சொற்கள் விரியும். ஒன்றைத் தேர்ந்தால் மீதி வாக்கியமும் அதற்கேற்ப இலக்கணம் மாறிக்கொள்ளும். இது உண்மையிலேயே நல்ல வசதி, ஏனென்றால் ஜெர்மன் பெயரடைக்கு வால் மாறிக்கொண்டே இருக்கும். ஹார்டு-வேரிங் என்பதற்கான ஷ்ட்ராபட்ஸீர்ஃபேயிஹ் என்ற சொல்லை மட்டும் பாருங்கள். ‘இந்தத் துணி உறுதியானது’ என்று வாக்கியத்தின் கடைசியில் வந்தால் வால் இல்லை. துணி ஜெர்மனில் ஆண்பால்; அதற்கு முன்னால் வந்தால் ஐன் ஷ்ட்ராபட்ஸீர்ஃபேயிகர் ஷ்டொஃப். பெண்பால் பைக்கு ஐனெ ஷ்ட்ராபட்ஸீர்ஃபேயிகெ டாஷெ. அலிப்பால் சட்டைக்கு ஐன் ஷ்ட்ராபட்ஸீர்ஃபேயிகெஸ் ஹெம்ட். ‘உறுதியான துணியால் ஆனது’ என்றால் அவ்ஸ் ஷ்ட்ராபட்ஸீர்ஃபேயிகெம் ஷ்டொஃப். அகராதியில் வாலில்லாமல் இருப்பதை அப்படியே பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டினால், வாசலிலேயே இது வெளியூர்க்காரன் எழுதியது என்று தெரிந்துவிடும். ரோஸா, லிலா, பேஷ் போன்ற சில நிறச்சொற்கள் மட்டும் விதிவிலக்கு. எழுத்து வழக்கில் அவற்றுக்கு வால் கிடையாது.

டீப்எல்லில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இலவசப் பதிப்பில் போடும் உரையைச் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் விதி. ரகசிய ஒப்பந்தம் போட்ட பையரின் டெக் பேக்கை (ஆடையின் அளவும் தயாரிப்பு விவரமும் அடங்கிய கோப்பை) அதில் கொட்டாதீர்கள். கட்டணப் பதிப்புக்கு விதி வேறு.

டி.டபிள்யூ.டி.எஸ் பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் அகாதெமியின் சேவை. முழுக்க ஜெர்மன், ஆங்கிலமே கிடையாது, அதனால்தான் இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் திறப்பதில்லை. வோர்ட்ப்ரோஃபீல் என்ற ஒரு பகுதி போதும். நீங்கள் தேர்ந்த பெயரடை எந்தெந்தப் பெயர்ச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று புழக்கத்தின் வலுவைப் பார்த்துக் காட்டும். உங்கள் பொருளோ அதன் இனத்துப் பொருளோ அந்தப் பட்டியலில் இருந்தால் சொல் சரி. செருப்பும் தரைக்கம்பளமும் வர வேண்டிய இடத்தில் பேச்சுவார்த்தையும் நரம்புகளும் வந்தால் வேறு சொல் தேடுங்கள். அரிய தொழிற்சொல்லுக்கு இந்தப் பட்டியல் இருக்காது. அப்போது அதே தளத்தின் வாக்கியத் தொகுப்பில் தேடலாம்.

எந்தச் சேவையும் எச்சரிக்காத ஒன்று ஃப்ரை என்ற வால். ஃப்ரை என்றால் இல்லவே இல்லை, ஆர்ம் என்றால் குறைவு. ஆங்கில விளம்பரத்தில் ரிங்கிள்-ஃப்ரீ என்று தாராளமாக எழுதுவோம். ஜெர்மனில் க்னிட்டர்ஃப்ரை என்றால் கசங்காது என்ற வாக்கு. க்னிட்டர்ஆர்ம் என்றால் அதிகம் கசங்காது. சலவையில் ஓரளவு கசங்கும் பருத்திக்கு இரண்டாவதுதான் நேர்மை. பம்ப்புக்கு வார்ட்டுங்ஸ்ஃப்ரை, வார்ட்டுங்ஸ்ஆர்ம். பராமரிப்பே வேண்டாம், கொஞ்சம்தான் வேண்டும். வருடம் ஒருமுறை சீல் மாற்ற வேண்டிய பம்ப்புக்கு முதல் சொல் ஆகாது. பொள்ளாச்சி நார்க்கழிவுக்கு டோர்ஃப்ஃப்ரை தைரியமாகப் போடலாம், அதில் பீட் துளியும் கிடையாது; ஆனால் அங்கே வாங்குபவர் அதைப் பீட்டோடு கலந்து பையில் அடைத்தால் அவர் எழுத வேண்டியது டோர்ஃப்ரெடுட்ஸீர்ட். தென்னைநார் மிதியடிக்கு நான்-ஸ்லிப் என்பதை ருட்ஷ்ஃபெஸ்ட் என்பார்கள், வழுக்கவே வழுக்காது. ருட்ஷ்ஹெம்மென்ட் என்றால் வழுக்கலைத் தடுக்கிறது. தொழிற்கூடத் தரைகளின் பாதுகாப்பு வகைப்பாட்டில் வருவது இந்த அடக்கமான சொல்தான்.

சொல்லுக்கு இவ்வளவு கணக்குப் பார்ப்பது ஏனென்றால், ஜெர்மன் சிவில் சட்டத்தின் 434ஆம் பிரிவு விளம்பரத்திலும் லேபிளிலும் சொன்னதையும் பொருளிடம் எதிர்பார்க்கத்தக்க தரத்தில் சேர்த்துவிடுகிறது. ஈகோ-ஃப்ரெண்ட்லி என்பதற்கு உம்வெல்ட்ஃப்ராய்ன்ட்லிஹ் என்று அகராதி பளிச்சென்று தரும், மொழிபெயர்ப்பு சரி. ஆனால் ஆதாரம் காட்டாத பொத்தாம்பொதுச் சுற்றுச்சூழல் சொற்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு உரியது. அந்த இடத்தில் சான்றிதழின் பெயரை எழுதுவது மேல்.

நூலிழைப் பெயர்களுக்கு அகராதியே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிமுறையின் பின்னிணைப்பில் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. எலாஸ்டேன் அங்கே எலாஸ்டான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத் தளமான யூர்-லெக்ஸில் ஒரே ஆவணத்தை ஆங்கிலம், ஜெர்மன் எனப் பக்கத்துப் பக்கத்தில் திறக்கலாம். லேபிளில் 100% என்பதற்குப் பதிலாக ‘தூய’ என்று எழுத எப்போது அனுமதி என்பதும் அதிலேயே இருக்கிறது.

கடிதப் போக்குவரத்தில் சறுக்கும் இரண்டு இடங்களையும் சொல்லிவிட வேண்டும். த்ரீ-மன்த் என்பதற்கு ட்ரைமோனாடிஹ், ட்ரைமோனாட்லிஹ் என்று இரண்டு சொல் கிடைக்கும். முதலாவது மூன்று மாதம் நீடிப்பது, இரண்டாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. கண்ணுக்கு ஓரெழுத்துப் பிசகு மாதிரித் தெரியும். ஒப்பந்தத்தில் ஒரு டெலிவரியா, வருடத்துக்கு நாலு டெலிவரியா என்பது மாறிவிடும். நிறத்தில் ப்ளூ-க்ரீன். இரண்டும் கலந்த நிறம் என்றால் ஜெர்மனில் ப்ளாவ்க்ரூன் என்று ஒட்டி எழுதுங்கள். நீலமும் பச்சையும் தனித்தனிக் கோடாக ஓடும் துணி என்றால் நடுவில் கோடு போடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே கோடுதான் வருகிறது. அதனால் ஆங்கில வரியைப் பார்த்து எழுதாமல், ஸ்வாட்ச்சை, அதாவது துணி மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.